‘ஏ’ ஏன் விலகினார்?

எங்கள் ஊர்ப்பக்கம் கேஸ் என்றால் இரண்டுதான். ஒன்று அடுப்புக்கு வருவது. இன்னொன்று கோர்ட்டுக்குப் போவது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் படித்து முடிக்க இரண்டு வருடமும் 25 லட்ச ரூபாய்க்கு மேலும் ஆகும் என்பது பி.காம். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எம்.பி.ஏ. வகுப்பில் படிக்கும் கேஸைச் சொல்கிறேன். அகமதாபாத் ஐ.ஐ.எம். மாதிரி இடங்களில் பாடம் நடப்பதே பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ‘கேட்’ எழுதப் போகிறோம் என்கிறார்கள். எந்தக் கல்லூரியில் முடித்தால் எவ்வளவு சம்பளம் என்பது மனப்பாடம். உள்ளே போனால் எப்படிச் சொல்லித் தருவார்கள் என்று கேட்டால் மட்டும் “அதான்டா... ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங்...” என்று இழுக்கிறார்கள். நானும் எழுதப் போகிறவன்தான். அதனால் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். படித்ததையும், படித்துவிட்டு நாங்கள் செய்த ஒரு கூத்தையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் கதை. பி.காம். படித்த யாருக்கும் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் மறக்காது. ஏ, பி, சி மூவரும் பங்குதாரர்கள். லாபத்தை 3:2:1 என்று பிரித்துக்கொள்கிறார்கள். மார்ச் 31 அன்று ஏ விலகுகிறார். கட்டடத்தின் மதிப்பை ஏற்றி, சரக்கிருப்பை இறக்கி, நற்பெயருக்கு ஒரு தொகை போட்டு, ஏ-க்குச் சேர வேண்டியதை அவருடைய கடன் கணக்குக்கு மாற்றினால் பத்து மதிப்பெண். இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால் அன்றைக்குப் பிறவிப்பயன் அடைந்தாயிற்று. இதே ஏ அடுத்த அத்தியாயத்தில் இறந்தும் போவார். அதற்கடுத்ததில் நொடித்தும் போவார். பாவம் மனுஷன். ஆனால் அவர் ஏன் விலகினார் என்று இந்த மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பி-யோடு தகராறா? மகன் துபாய்க்குக் கூப்பிட்டானா? தொழில் படுக்கப் போகிறது என்று அவருக்கு மட்டும் முன்னாடியே தெரிந்துவிட்டதா? ஒருமுறை வகுப்பில் கேட்டேன். “அது சிலபஸ்ல இல்லப்பா” என்று சார் சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

கேஸ் முறையில் பாடமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பத்திருபது பக்கத்துக்கு ஒரு கம்பெனியின் கதை. அதில் ஒரு மேலாளர் இக்கட்டில் நிற்பார். விலையைக் குறைப்பதா, தொழிற்சாலையை மூடுவதா, கூட்டாளியை விடுவதா? பின்னால் அட்டவணைகள் இருக்கும். வேண்டிய எண் இருக்காது, வேண்டாதது நிறைய இருக்கும். முக்கியமாக, முடிவு இருக்காது. முதல் நாள் இரவு தனியாகப் படித்து, நாலைந்து பேராகப் பேசி, மறுநாள் வகுப்பில் “நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வாய்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் பதில் சொல்ல மாட்டார். கேட்பார், கரும்பலகையில் எழுதுவார், இருவரை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

இதற்கும் கோர்ட் கேஸுக்கும் உறவுமுறை உண்டு என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் 1870ல் தலைமைக்கு வந்த கிறிஸ்டோபர் லாங்டெல் என்பவர், சட்டத்தைப் பாடமாக ஒப்பிப்பதை விட்டுவிட்டுத் தீர்ப்புகளையே மாணவர்கள் கையில் கொடுத்து, அதிலிருந்து விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். 1908ல் அதே பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி ஆரம்பித்தார்கள். 1919ல் அதற்குத் தலைவராக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்து வங்கியில் வேலை பார்த்தவர். தான் படித்த முறையை இங்கேயும் கொண்டுவர நினைத்தார். ஒரு சிக்கல். கோர்ட் தீர்ப்புகள் அச்சில் கிடைக்கும். கம்பெனிக்குள் நடந்த வாதம் எங்கே கிடைக்கும்? ஆகவே ஆட்களை அனுப்பி, கேட்டு எழுதிவர வைத்தார். 1921ல் வந்த முதல் கேஸ் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியது.

அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது 1961ல். விக்ரம் சாராபாய் முன்னின்று அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். தொடங்கியபோது ஹார்வர்டுதான் துணை. பணத்துக்கு ஃபோர்டு ஃபவுண்டேஷன். இங்கிருந்து ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அதே வருடம் தொடங்கிய கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு எம்.ஐ.டி. துணை. அது வேறு கதை.

இதுவரை படித்ததில் எனக்கு ஏகப்பட்ட மரியாதை. பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதும் பேனாவை மூடிவிடும் நமக்கு, டேலி ஆகாத ஒன்றை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். வயிற்றில் புளியைக் கரைத்தது அடுத்து வந்த விஷயம்: மதிப்பெண்.

ஹார்வர்டில் ஒரு பிரிவுக்குச் சுமார் 90 பேர். குதிரை லாடம் மாதிரி வளைந்த வரிசைகள், நடுவில் ஆசிரியர். திடீரென்று ஒருவரைக் கைகாட்டி “நீங்கள் ஆரம்பியுங்கள்” என்பார். பல பாடங்களில் ஏறக்குறைய பாதி மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கு. இரண்டு வருடத்தில் 500 கேஸ்கள். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் ‘சி.பி.’ என்று இதற்குத் தனி மதிப்பெண் உண்டு. எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு பெரிய நிர்வாகவியல் கல்லூரியில் சேர்ந்த சீனியர் அக்கா ஒருவர் இருக்கிறார். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அவரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன்.

“முதல் மாசம் வாயே திறக்கலடா தம்பி. மனசுல தமிழ்ல வாக்கியம் வரும். அத இங்கிலீஷ்ல மாத்தி, சரியான்னு பாத்து, கையத் தூக்குறதுக்குள்ள கிளாஸ் ரெண்டு பாயிண்ட் தாண்டிப் போயிருக்கும்.”

“அப்புறம் எப்படிக்கா?”

“முதல் அஞ்சு நிமிஷத்துல அட்டவணையிலருந்து ஒரு நம்பரச் சொல்லிருவேன். அன்னைக்கு சி.பி. வந்திரும். அப்புறம் நிம்மதியா உக்காந்து கவனிப்பேன்.”

சும்மா பேச வேண்டுமே என்று பேசுவதற்கு ‘ஆர்பிட் சி.பி.’ என்று அங்கே பெயரே இருக்கிறதாம். ஆக, எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். ஒரு விஷயத்தைக் கேட்டு, ஊறப்போட்டு, ஒரு நாள் கழித்துப் பேசுகிறவன் மோசமான மேலாளராகத்தான் இருப்பானா என்ன? எனக்குத் தெரிந்த நல்ல வியாபாரிகள் பலர் அந்த ரகம். பேரம் பேசும்போது கடைசியில்தான் வாயைத் திறப்பார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அகமதாபாத்தில் கேஸை அலசி எழுதிக் கொடுப்பதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. ‘வேக்’ என்பார்கள். கெடு முடியும் நிமிடத்தில் தாளோடு ஓடிப்போய்ச் சேர்ப்பது அங்கே ஒரு சடங்கு. பேச்சில் தோற்றவன் எழுத்தில் பிழைத்துக்கொள்ளலாம். (ஓடத் தெரிந்தால்.)

நிற்க. மதிப்பெண்ணை விட என்னை அதிகம் குடைவது அந்த நாற்காலி. ஒரு கேஸில் எப்போதும் நாம் உட்காரும் இடம் முடிவெடுப்பவரின் இடம். அது யாருடைய இடம் என்று யோசித்தபோது எங்கள் மதுரையைப் பற்றிய கேஸ் ஞாபகத்துக்கு வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டில் 1993ல் ஒரு கேஸ் வந்தது. எழுதியவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து அங்கே பேராசிரியரான வி. கஸ்தூரி ரங்கன். உலகம் முழுக்கப் பல வகுப்புகளில் இன்றும் படிக்கிறார்கள். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் இங்கிருந்து அங்கே திரும்ப வேண்டியதுதான். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர் தவிர மற்றவர் செய்யக்கூடிய வேலையெல்லாம் அவர்களிடம். காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் பெரும்பாலானவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. 1992ல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே குறைந்த விலையில் செய்தார்கள். எம்.பி.ஏ. வகுப்புக்கு விருந்து மாதிரி விஷயம். இதை வேறு ஊரில் செய்ய முடியுமா, எவ்வளவு வேகமாக வளரலாம் என்று மணிக்கணக்கில் பேசலாம்.

இதே கதையில் எங்கள் அப்பத்தாவும் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். பைசா செலவில்லை. ஆனால் அப்பத்தா அந்த பஸ்ஸில் ஏறியது மூன்றாவது முகாமில்தான். முதல் இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. காரணம் இரண்டு ஆடு. நாலு நாளைக்கு யார் மேய்ப்பது? மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக் கிழவியும் கிளம்பியது, துணை கிடைத்தது, ஆட்டைக் கிழவியின் மருமகள் பார்த்துக்கொண்டாள். போஸ்டனில் 90 பேர் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாலும் அந்த ஆடு அவர்கள் கண்ணில் படுமா? ஒருவேளை படலாம். ஆசிரியர் நல்லவராக இருந்தால், “இலவசம் என்றும் வராதவர்கள் ஏன் வரவில்லை?” என்று கேட்டால் படலாம். ஆனால் அப்பத்தா நாற்காலியில் உட்காரச் சொல்லி எந்த கேஸும் எழுதப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கேஸை வெளியிட வேண்டுமானால் பொதுவாக அந்தக் கம்பெனி படித்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் உள்ளே போய்த் தகவல் எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்துத் தந்த போட்டோக்களை வைத்துக் கல்யாணம் எப்படி நடந்தது என்று சொல்வது மாதிரிதானே அது? என்ரான் என்ற அமெரிக்க எரிவாயுக் கம்பெனியைப் பெருமையாகப் பேசி ஹார்வர்டிலிருந்தே கேஸ் வந்தது (கேஸ் கம்பெனிக்கு ஒரு கேஸ்!). 2001 டிசம்பரில் கம்பெனி திவால். அதை நடத்திய ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் ஹார்வர்டில் 1979ல் எம்.பி.ஏ. முடித்தவர்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இதையெல்லாம் பிடித்து உலுக்கி 2004ல் ஒரு புத்தகமே எழுதினார். 1990ல் வந்த ஒரு புத்தகத்தில் ஹார்வர்டின் நட்சத்திரங்கள் என்று பட்டியலிடப்பட்ட 19 தலைமை நிர்வாகிகளை எடுத்து, பிற்பாடு என்ன ஆனார்கள் என்று அவரும் இன்னொருவரும் பார்த்தார்கள். 10 பேர் தோற்றிருந்தார்கள். 19 பேரை வைத்து ஒரு கல்லூரியையே எடைபோட முடியாது, ஆனாலும் கிண்டல் கிண்டல்தான். அவருடைய வாதம் எளிமையானது: ஒரு கம்பெனியைப் பற்றி முந்தின இரவு இருபது பக்கம் படித்துவிட்டுக் காலையில் தீர்ப்புச் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டால், வேலைக்குப் போன பிறகும் அது போகாது. அதனால் 1996லேயே அவரும் சிலரும் சேர்ந்து, ஏற்கனவே வேலையில் இருக்கும் மேலாளர்கள் தங்கள் சொந்தச் சிக்கலையே எடுத்து வந்து பேசும் ஒரு படிப்பை ஆரம்பித்திருந்தார்கள்.

நம் ஆட்களில் எனக்குப் பிடித்தவர் ரவி மத்தாய். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் முழுநேர இயக்குநர். 1965ல் வந்தார், நிறுவனத்தை நிலைநிறுத்தினார், 1972ல் தானாகவே பதவியை விட்டு இறங்கி அதே இடத்தில் சாதாரணப் பேராசிரியராக இருந்தார். (‘ஏ’ ஏன் விலகினார் என்பதற்கு ஒரு நல்ல பதில்.) பிறகு ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய், தோல் தொழிலாளிகளோடும் நெசவாளிகளோடும் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். அவர்களே கணக்குப் பார்த்து, அவர்களே சரக்கு விற்று, வெளியாள் இல்லாமல் நிற்க வேண்டும் என்பது குறி. கேஸ் முறையின் கோட்டையில் இருந்த மனிதர் போய் உட்கார்ந்தது தோல் பதனிடுபவர் பக்கத்தில். அவரைப் பற்றி நம் காமர்ஸ் புத்தகங்களில் ஒரு வரி இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இப்போது எங்கள் கூத்து. ஆறு பேர். சனிக்கிழமை மதியம் கல்லூரி முடிந்து, வேப்பமரத்தடி. ஒருவனுடைய அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. கடன் நோட்டில் 62 வீட்டுப் பாக்கி, 1,40,000 ரூபாய். கடன் கொடுப்பதை நிறுத்துவதா, வேண்டாமா? மகனே இரண்டு பக்கத்துக்குக் கேஸ் எழுதி வந்தான். (இங்கே எழுத அனுமதி வாங்கியாயிற்று. எண்களை மாற்றியிருக்கிறேன். பெரிய கல்லூரி கேஸ்களிலும் இப்படி மாற்றுவதுண்டு, தெரியுமோ?) இரண்டே விதி: பேச்சு தமிழில். யார் முதலில் பேசினாலும் மதிப்பெண் கிடையாது.

முதல் அரை மணி நேரம் புத்தகம்தான் பேசியது. நடைமுறை மூலதனம், கடனாளிகள் சுழற்சி விகிதம், வாராக்கடன் ஒதுக்கு... “கடன் கொடுத்தாத்தான்டா கஸ்டமர் நிப்பான்” என்று ஒரு கட்சி. “நிறுத்துனா மூணு மாசத்துல கையில காசு” என்று எதிர்க்கட்சி. அட்டெண்டன்ஸுக்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத ஒருவன் எங்களோடு இருந்தான். நாற்பது நிமிடம் கழித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

“பாக்கி இருக்கிற கடைப்பக்கம் எங்கம்மா போகவே மாட்டாங்கடா. கையில காசு இருக்கிற அன்னைக்குத்தான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவாங்க. காசோட அந்தக் கடைக்குப் போனா பழைய பாக்கியக் கேப்பாங்கல்ல? மூட்டையத் தூக்கிட்டு வரும்போதும் அந்தத் தெரு வழியா வரமாட்டாங்க, சுத்தித்தான் வருவாங்க.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடன்தான் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகிறது என்று அரை மணி நேரம் வாதாடியிருக்கிறோம். காசு இருக்கும் நாளில் அதே கடன் அவர்களைத் துரத்திவிடுகிறது! இரண்டு கட்சியுமே காலி. அதற்குப் பிறகு பேச்சே வேறு திசையில் போனது. பழைய பாக்கியையும் புதுச் சரக்கையும் எப்படிப் பிரிப்பது, பழசைக் கேட்க மாட்டோம் என்பதை வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதா, அப்படிச் சொன்னால் ஒழுங்காகக் கொடுக்கிறவர்களும் நிறுத்திவிடுவார்களா என்று இருட்டும்வரை பேசினோம்.

கடைக்கார நண்பன் வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் அசரவில்லை. “இருபது வருசமா பாக்குறதுதானப்பா” என்றாராம். நோட்டில் சில பக்கங்களின் மூலை மடித்திருக்கும். அந்த வீட்டு ஆட்கள் கடைக்கு வந்தால் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அதற்கு அர்த்தமாம். எந்தெந்தப் பக்கம் என்று மகனிடமே அவர் காட்ட மாட்டார். ஹார்வர்டிலிருந்து ஆள் வந்து கேட்டாலும் அந்தப் பக்கங்கள் கேஸுக்குள் வராது.

நான் கேட் எழுதத்தான் போகிறேன். கல்விக்கடன், அதற்கு வட்டி, கட்டி முடிக்க எத்தனை வருடம் என்று போட்டுப் பார்த்த கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. அப்பா “பாத்துக்கலாம்” என்கிறார், அவர் நோட்டில் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறதோ. சீனியர் அக்கா, இப்போதிருந்தே தினம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சத்தமாக வாதாடிப் பழகு என்கிறார். பழகுகிறேன். வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் :-)

வரும் சனிக்கிழமை கேஸ், பேசாத அந்த நண்பன் எழுதுகிறான். அவன் அம்மா மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிக் கட்டி விற்பவர். முகூர்த்த நாளில் விலை எகிறும்போது எத்தனை கிலோ எடுப்பது, ராத்திரி ஒன்பதரைக்குக் கூடையில் மிச்சம் இருந்தால் விலையை இறக்குவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா? இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை, நாலு பக்கம் ஆகிவிட்டது என்று நேற்று பஸ்ஸில் சொன்னான். பூக்கூடையைக் கட்டியே பார்க்காத நாங்கள் ஐந்து பேரும் என்ன பேசப் போகிறோமோ தெரியவில்லை. வர விரும்புகிறவர்கள் வரலாம், வேப்பமரத்தடிதான், மூன்று மணிக்கு.